பூச்சி இன்னும் போகவில்லை

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள். படுக்கையறையை ஒட்டியது நான் பயன்படுத்துவது. பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது என் மனைவியுடையது. அவளுடையது என்று யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. வீடு கட்டின நாளிலிருந்து பதினெட்டு வருடமாக அவள் அங்கேதான் குளித்தாள், அங்கேதான் துணி ஊறவைத்தாள், நான் கூப்பிட்டால் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் பெங்களூருப் பக்கம் போன பிறகு அந்தக் கதவை நான் திறப்பதே குறைந்துவிட்டது. பூச்சி முதலில் வந்தது அங்கேதான்.

நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவன். எண்ணெய் கசிந்தாலும் காற்று கசிந்தாலும் தண்ணீர் கசிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, இவர் இருந்தவரைக்கும் ஒரு சொட்டு வீணாகப் போனதில்லை என்று ஒருவர் மைக்கில் சொன்னார். அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் அந்தக் கர்வம் உண்டு. அப்படிப்பட்டவன் வீட்டில் சுவர் ஊறி, அதில் பூச்சி பெருகி, காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது என்றால் அந்தக் கர்வத்தின் லட்சணத்தை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். சர்ஜாபூர் பக்கம் ஒரு அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். மகளுக்கும் மருமகனுக்கும் கம்ப்யூட்டர் வேலை. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி போனாள். குழந்தைகளுக்கு இப்போது இரண்டரை வயது. பாகலூர் வழியாகப் போனால் ஒன்றே கால் மணி நேரப் பயணம். அவள் அமெரிக்காவில் இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன், எல்லோரும் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று. ஒன்றே கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறவளை நினைத்து ஏங்குவதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முதலில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு ஒன்றுக்குக் காய்ச்சல் விட்டால் இன்னொன்றுக்குச் சளி பிடிக்க, அதுவும் நின்றது. தீபாவளிக்கு எல்லோரும் மருமகனின் ஊருக்குப் போனார்கள். எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வந்தது.

நீங்களும் போய் அங்கேயே இருக்க வேண்டியதுதானே என்று கேட்காத ஆளில்லை. போனேன். முதல் நாள் அவர்கள் சமையலறைக் குழாயில் சொட்டுவதை நிறுத்தினேன். இரண்டாம் நாள் கழிவறை ஃபிளஷ், பால்கனிக் கதவின் கீல், ஒரு ஆடுகிற நாற்காலி. மூன்றாம் நாள் அந்த வீட்டில் பழுதென்று எதுவும் மிஞ்சவில்லை. மருமகன் ஹாலில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார்; நான் இருமினால் கையை உயர்த்துவார். நல்ல பிள்ளைதான், அவருக்கு அது ஆபீஸ். என் மனைவி எல்லையோரத்துப் பேரிகைக்காரி, தெலுங்கும் கன்னடமும் அவளுக்குத் தமிழைப் போலவே வரும். லிஃப்டில் ஏறுகிற பெண்களோடெல்லாம் கன்னடத்தில் பேசிச் சிரித்தாள். நான் நாகரசம்பட்டிக்காரன், எனக்குத் தமிழ் மட்டும்தான். அவள் சிரிப்பது எனக்குப் புரியாத மொழியில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. நீயும் வா என்று நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை போனில்தான் நடந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு மாலை ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா என்பாள், ஆறு மணிக்கே சாப்பிட்டேன் என்பேன். மாத்திரை என்பாள், போட்டேன் என்பேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். பின்னால் ஒரு குழந்தை அழும். சரி, வெச்சிடட்டுமா என்பாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஆறரைக்கே போனைச் சார்ஜிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பின்பக்கக் குளியலறைக் கதவைத் திறந்தேன். சோப்பு வைக்கிற மாடத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. விரலால் துடைக்கப் போனேன். தூசி குதித்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால், ரவையைவிடச் சிறிய பூச்சிகள், ஒரு ஐம்பது அறுபது இருக்கும். விரலைக் கிட்டே கொண்டுபோனால் எல்லாம் ஆளுக்கொரு திசையில் துள்ளின.

அன்று மாலை போனில், வேறு விஷயம் இல்லாததால், அதைச் சொன்னேன். அவள் உடனே, எந்தச் சுவர் என்று கேட்டாள். எவ்வளவு பெரியது, கடிக்கிறதா, றெக்கை இருக்கிறதா, என் மஞ்சள் கிண்ணம் அங்கேதான் இருக்கும், அதில் ஏறியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னேன். ஒரு தடவை நான் தடுக்கி விழப் பார்த்ததைக் கேட்டுச் சிரித்தாள், தமிழில். வைத்த பிறகு பார்த்தால் பதினெட்டு நிமிடம் பேசியிருக்கிறோம்.

என் போனில் தேடியதில் ஸ்பிரிங்டெயில் என்று ஆங்கிலப் பெயர் கிடைத்தது. வயிற்றுக்கு அடியில் ஒரு வாலை மடித்து வைத்திருக்குமாம், அதைத் தரையில் தட்டித்தான் துள்ளுமாம். கடிக்காது, நோய் பரப்பாது, ஈரத்தில் பூக்கிற பூஞ்சையைத் தின்று பிழைக்கும். ஈரம் போனால் தானாகப் போய்விடும் என்றும் கடைசியில் போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியை அன்றைக்கே மதித்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்ததோடு கதை முடிந்திருக்கும். தமிழில் அதற்குப் பெயர் கிடைக்கவில்லை. துள்ளுப்பூச்சி என்று என் மனைவிதான் வைத்தாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் சுத்தம் என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான். பூச்சி வந்தாலும் கழுவுவோம், விருந்தாளி போனாலும் கழுவுவோம். ஈரத்தில் வாழ்கிற பூச்சியை விரட்டத் தினமும் நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். முதலில் மஞ்சளும் உப்பும் கரைத்து. பிறகு வேப்பெண்ணெய். அது போதாது என்று, மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஆசிட், பினாயில் விற்கிறவரை நிறுத்தி வாங்கினேன். அவர் எனக்கு வாடிக்கையாகிவிட்டார். என் வீட்டு முன்னால் வந்தால் சத்தத்தைக் குறைத்து, சார் பூச்சி எப்படி இருக்குது என்று விசாரிப்பார். தரையில் ஆசிட், கழிவறையில் ஆசிட், மூலைகளில் ப்ளீச்சிங் பவுடர். கண் எரியும், இருமல் வரும், மறுபடி நாலு வாளி தண்ணீர். பூச்சி இரண்டு நாள் ஒளிந்துகொண்டு, மூன்றாம் நாள் இரண்டு மடங்காக வரும்.

இதையெல்லாம் ஏழு மணிக்குச் சொன்னேன். சொல்வதற்கு இருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. அவள் பேரப்பிள்ளைகள் செய்ததைச் சொல்வாள், நான் பூச்சிகள் செய்ததைச் சொல்வேன். சின்னது சோபாவில் ஏறிவிட்டது என்பாள். இங்கே வாஷ்பேசின் மேலே ஏறிவிட்டன என்பேன். அவள் பக்கம் இரண்டு, என் பக்கம் ஆயிரம். எதிர்வீட்டுக் கன்னடப் பெண்ணிடம் கேட்டு, கிராம்பும் கற்பூரமும் இடித்துப் போடச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கும் என் பூச்சிகளைத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது.

மார்கழி கடைசியில் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் களக் களக்கென்று சத்தம் கேட்டது. பின்பக்கச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் உதிர்ந்தது. கொப்புளத்துக்குள் துள்ளுப்பூச்சிகள் மொய்த்தன. நாற்றமும் வர ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மெயின்டனன்ஸ்காரன் எழுந்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழுதானாலும் ஒரு தாளில் ஏன் என்று ஐந்து முறை கேட்டு ஐந்து பதில் எழுத வேண்டும். ஐந்தாவதில்தான் உண்மையான காரணம் அகப்படும் என்பார்கள். ஆள் செய்த தப்பு என்று எழுதினால் மேனேஜர் தாளைத் திருப்பி அனுப்புவார். அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான், அதை எழுது என்பார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஏன் பூச்சி? சுவரில் ஈரம். ஏன் ஈரம்? வெளியே கழிவுக்குழாய் சேருகிற சேம்பரில் தண்ணீர் தேங்கி அஸ்திவாரத்தில் இறங்குகிறது. ஏன் தேங்குகிறது? செப்டிக் டேங்க் தண்ணீரை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் ஒரே ஆள். நாலைந்து பேருக்கென்று கட்டின டேங்க் அது, ஒருத்தனால் நிரம்ப நியாயமில்லை.

எங்கள் லேஅவுட்டில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான், அதுவும் வாஸ்துப்படி எல்லோருக்கும் வடமேற்கே வாயு மூலையில். எங்கள் டேங்கின் மூடியைக் கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலையானது. மகள் கல்யாணத்தின்போது பின்பக்கம் முழுக்க டைல்ஸ் போட்டோம். மூடி அசிங்கமாகத் தெரிகிறது என்று அதன் மேலேயே ஒட்டச் சொன்னவன் நான்தான். பிறகு திறப்பது எப்படி என்று அன்றைக்கு என் மனைவி கேட்டாள். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். இரண்டு டைல்ஸை உடைத்த பிறகு மூடி தெரிந்தது.

டேங்க் உறிஞ்சுகிற லாரி வந்தது பொங்கல் முடிந்த வாரத்தில். குருபரப்பள்ளிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அவரே ஓட்டுநர், அவரே எல்லாம். மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, உள்ளே ஒரு மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊட்டுல எத்தினி பேரு சார்?"

"நான் ஒருத்தன்தான்."

"ஒரு ஆளு டேங்கு இப்பிடி ஆவாதே. ஆசிட் ஊத்தறீங்களா?"

ஊற்றியதைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். மொபெட்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"உள்ள உயிரு இருக்குது சார். கண்ணுக்குத் தெரியாது. அதுங்கதான் எல்லாத்தையும் தின்னு தண்ணியாக்கி வெளிய உடும். நீங்க ஆசிட்ட ஊத்தி அத்தினியும் சாவடிச்சிட்டீங்க. செத்த டேங்குதான் நாறும் சார், நல்ல டேங்கு நாறாது."

இறுகிப்போன கசடு, தண்ணீர் வெளியேறுகிற குழாயை அடைத்திருந்தது. அதனால் தண்ணீர் எதிர்த்து வந்து சேம்பரில் தேங்கியிருக்கிறது. சேம்பரின் உள்பூச்சையும் ஆசிட் அரித்துவிட்டிருந்ததால் அது நேராக அஸ்திவாரத்துக்குள் போயிருக்கிறது. பூச்சியைக் கொல்ல நான் ஊற்றியதுதான் சுவரை நனைத்துப் பூச்சிக்குச் சோறு போட்டிருக்கிறது. மூன்று மாதம் வளர்த்திருக்கிறேன், வேறென்ன சொல்ல.

அவர் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுக்கவில்லை. அடியில் கொஞ்சம் விட்டுவைத்தார். சுத்தமாக எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு, அது வேண்டும் சார், அதிலிருந்துதான் மறுபடி உயிர் பிடிக்கும் என்றார். இரண்டு வாளி சாணியைக் கரைத்து ஊற்றச் சொன்னார், ஆசிட் பக்கமே போக வேண்டாம், சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும் என்றார். பின்பக்கப் படியில் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவர் லாரியிலிருந்து தன் பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து நீட்டினார். நானும் அதிலேயே ஊற்றினேன். எவர்சில்வர் டம்ளரையே கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் போன பிறகு தோன்றியது. அவருடன் அரை மணி நேரம் பேசினேன். ஒருத்தரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டேன். சூளகிரியில் ஒரு வீடு காத்திருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

அன்று காலண்டர் தாளை மறுபடி எடுத்தேன். ஏன் வாங்கவில்லை? ஆசிட் ஊற்றி டேங்கைச் சாகடித்ததால். ஏன் ஊற்றினான்? ஊற்றினால் ஏழு மணிக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எழுதவில்லை, தாளை நாலாக மடித்து அலமாரியில் போட்டேன்.

மறுநாளிலிருந்து வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அடுத்த தெருப் பால்காரர் வீட்டில் சாணி வாங்கிக் கரைத்து ஊற்றினேன். சேம்பருக்கு நானே சிமென்ட் பூசினேன். உதிர்ந்த பெயின்டைச் சுரண்டி, ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒரு வாரம் ஓடவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஏழாம் நாள் பூச்சி பாதியானது. பத்தாம் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியும் ஒன்றுகூட இல்லை. சுவர் காய்ந்து வெளிறிப்போய் இருந்தது. நாற்றம் இல்லை, களக் களக்கென்ற சத்தமும் இல்லை. நடுவில் நின்று, முடிஞ்சது என்று வாய்விட்டுச் சொன்னேன். காலியான அறையில் என் குரல் எனக்கே சங்கடமாக இருந்தது.

ஏழு மணிக்குப் போன் வந்தது. சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன். பூச்சி என்னவாயிற்று என்று கேட்டாள். போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. போய்விட்டது என்று சொன்னால் அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு அப்படியே கேட்டது.

"இருக்குது," என்றேன். "இன்னிக்கு மாடத்துக்கு மேல வந்திருக்குது."

ஐயோ, மாடத்துக்கா என்றாள். குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அன்று இருபது நிமிடம் பேசினோம்.

பொய் சொல்வது எனக்கு அவ்வளவாக வராது. அதனால் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்தது. காலையிலேயே யோசிப்பேன். நேற்று வாளிக்கு அடியில் என்று சொன்னோம், இன்று கதவு நிலைக்குக் கொண்டுவரலாம். திடீரென்று அதிகமானால் பயந்துவிடுவாள், குறைந்தால் பேச்சு குறையும். ஒரு வாரம் ஏறட்டும், அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கட்டும். அவள் சொன்ன மருந்துகளையெல்லாம் செய்ததாகச் சொல்ல வேண்டும், அவை ஏன் பலிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். அந்தக் குளியலறை என்றைக்கும் இல்லாத அளவுக்குக் காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, இல்லாத பூச்சிகளைப் பற்றிப் போனில் விவரித்தேன். அறுபது வயது தாண்டிய மனிதன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிட அந்த இருபது நிமிடம் பெரிதாக இருந்தது.

இப்படி ஒன்றரை மாதம். பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, அவள் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். மகளுக்கும் மருமகனுக்கும் லீவு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், காலை வந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். உங்கள் கையில் அது போகாது, நானே பார்த்தால்தான் சரிவரும் என்றாள்.

சந்தோஷம் வந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் வருவது பூச்சியைப் பார்க்க. பூச்சியே இல்லையென்றால் நான் ஒன்றரை மாதமாகப் புளுகியது தெரிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று நிம்மதியாகப் போய்விடுவாளே, இனிமேல் வர என்ன காரணம் இருக்கும் என்றுதான் பயந்தேன்.

சனிக்கிழமை முழுக்கப் பூச்சி தேடினேன். வெயில் ஏறிவிட்ட மாதம், எங்கும் காய்ந்து கிடந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குழாய் சொட்டுகிற இடத்தில் இரண்டு செங்கல் கிடந்தன. புரட்டினால் அடியில் ஈர மண்ணோடு நாற்பது துள்ளுப்பூச்சிகள் இருக்கும். அவற்றைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆனந்தத்தை யாரிடமும் சொல்ல முடியாது. செங்கல்லை இரண்டு கையாலும் ஏந்தி, குதித்துவிடாமல் மெதுவாக நடந்து, குளியலறை மூலையில் வைத்தேன். பழைய கோணிச்சாக்கை நனைத்துச் சுவரில் சாய்த்தேன். நான் கஷ்டப்பட்டுக் காயவைத்த அதே சுவரில் மக்கால் தண்ணீர் மொண்டு மொண்டு அடித்தேன். ஜன்னலை மூடினேன். கசிவை நிறுத்தி நிறுத்தியே சம்பளம் வாங்கினவன் நான். கம்பெனியில் யாராவது பார்த்திருந்தால் அந்தச் சால்வையைத் திரும்பக் கேட்டிருப்பார்கள்.

ஞாயிறு காலை எழுந்து போய்ப் பார்த்தேன். செங்கல் மேல் மூன்று பூச்சிகள் செத்துக் கிடந்தன. மற்றவை எங்கே போயினவோ, ஒன்றுகூட இல்லை.

ஒன்பதரைக்கு ஆட்டோ வந்து நின்றது. இளைத்திருந்தாள். முன்னந்தலையில் நரை கூடியிருந்தது, போனில் அதெல்லாம் தெரிவதில்லை. கையில் ஒரு சின்னப் பை, அதில் ஏதோ பவுடர் டப்பா. தண்ணீர்கூடக் குடிக்காமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். லைட்டைப் போட்டாள். சுவரைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், மூலையில் இருந்த இரண்டு செங்கல்லைப் பார்த்தாள். குனிந்து ஒரு செங்கல்லைப் புரட்டினாள்.

"எங்கங்க பூச்சி?"

"போயிருச்சு."

"எப்ப?"

"தை மாசமே."

செங்கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். முகத்தில் கோபம் இல்லை, என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"தெனமும் சொன்னீங்களே, அங்க ஏறுது இங்க ஏறுதுன்னு."

"அத சொன்னாத்தான் நீ பேசற," என்றேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன். "எனக்கு இங்க யாரும் இல்ல."

அவள் குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மக்கால் அடித்த தண்ணீர் இன்னும் சுவரிலிருந்து வழிந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவிக் கையைத் துடைத்தாள்.

"வான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?" என்றாள். "ரெண்டரை வருசமா ஒரு வாட்டி சொன்னீங்களா? நான் இல்லாமயே உங்களுக்கு ஆவுதுன்னு நெனச்சேன். நல்லா இருக்காரு, மாத்திர போடறாரு, ஆறு மணிக்கே சாப்ட்டுடறாருன்னு நெனச்சேன்."

குழந்தைகளை விட்டுவிட்டு வா என்று எப்படிக் கேட்பது என்றேன். கேட்டால்தானே தெரியும் என்றாள். அந்த வீட்டில் எனக்கு மட்டும் என்ன இருக்கிறது என்று நினைத்தீர்கள் என்றாள். குழந்தைகள் தூங்கிவிட்டால் அவளும் பால்கனியில் தனியாகத்தான் நிற்பாளாம்.

அப்போது அவள் போன் அடித்தது. மகள். பாட்டியைக் காணோம் என்று இரண்டும் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. பூச்சியைப் பார்த்தாயா, சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று மகள் கேட்டாள். அப்பா பண்ணின கூத்தைக் கேளு என்று சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் மனைவி அந்தக் காலி அறையை ஒரு தடவை பார்த்தாள்.

"நேர்ல பாத்தாத்தான்மா தெரியுது," என்றாள். "பூச்சி ரொம்ப இருக்குது. செவுரு பூரா இருக்குது. அப்பாவால ஒண்ணும் ஆவாது. நான் இருந்து பாத்துக்கிட்டாத்தான் போவும். நீங்க அங்க கொழந்தைங்களுக்கு ஒரு ஆளு பாத்துக்குங்க."